வர்ணம் பூசக் கூடாத துண்டு



படகின் பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு வர்ணம் அடிக்கிறோம். அன்றைக்குப் பளபளக்கும். சில வாரங்களில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. உப்பு அலுமினியத்தைத் தின்ற அடையாளம் அது. வர்ணத்தின் மேல் குற்றமில்லை. அரிப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியது நாம்தான்.

கைதேர்ந்தவர் அவசரப்பட மாட்டார். நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் அரிப்பு போகும்வரை தேய்ப்பார். அலுமினியத்துக்குரிய பிரைமர் காய்ந்த பிறகே வர்ணம்.

ஒரு துண்டில் மட்டும் தூரிகை படவே விடமாட்டார். புரொப்பல்லருக்கு அருகே உள்ள துத்தநாகக் கட்டி அது. கடல்நீரில் தான் கரைந்து மோட்டாரைக் காப்பதே அதன் வேலை. அழகுக்காக அதையும் பூசி மூடினால் மோட்டார்தான் அரிபடும்.

நம் வீடுகளைப் பார்ப்போம். பங்குச் சண்டையில் அண்ணனும் தம்பியும் பேசி வருடங்கள் ஆகின்றன. திருவிழாவுக்குப் புதுச்சட்டை போட்டு ஒரே கோவிலில் நிற்கிறோம். சப்பரத்தில் ஆண்டவரைப் பூவால் மூடுகிறோம். நமக்காகத் தம்மையே கரைத்தவர் அவர். அவரைப்போல் நாம் கொஞ்சமும் கரையத் தயாராக இல்லை.

ஒப்புரவு அருட்சாதனம் உப்புத்தாள் போன்றது. உரசும், வலிக்கும். அதன் பிறகு பூசுவதுதான் ஒட்டும்.

இன்று மாலை அண்ணன் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பது யார்? அது நாமாக இருப்போம். ஆமென்.