ஓய்வுக்காலச் சேமிப்பும் ஆலோசகரின் கடமையும்

(ஓய்வுபெறவிருக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மாதச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்திய ஒருவருடைய கைக்குப் பெருந்தொகை ஒன்று முதன்முதலாக வந்து சேருவது பெரும்பாலும் அவர் ஓய்வுபெறும்போதுதான். பணிக்கொடை, சேமநல நிதி, ஈட்டிய விடுப்புக்கு ஈடான பணம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகுத்துப் பெறும் தொகை ஆகிய யாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வங்கிக் கணக்கில் ஏறுகின்றன. மத்திய அரசு ஊழியருக்குரிய பணிக்கொடையின் உச்சவரம்பு மட்டுமே 2024 ஜனவரி முதல் 25 லட்சம் ரூபாய். பணம் ஏறிய சில நாட்களுக்குள், "தங்களுக்கென்றே ஒரு நல்ல திட்டம் வந்திருக்கிறது" என்று யாராவது தொலைபேசியில் அழைப்பார். அழைப்பவர் வங்கி அலுவலராக இருக்கலாம். காப்பீட்டு முகவராக இருக்கலாம். நம் உறவினராகவும் இருக்கலாம். அவருக்கு என்ன விடை கூறுவது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருளாகும்.

பொருளை விற்பவர் வேறு, யோசனை கூறுபவர் வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். உரக்கடைக்காரரிடம் பயிர் நோய்க்கு மருந்து கேட்கும் விவசாயி, அந்தக் கடையில் இருக்கும் மருந்தைத்தான் வாங்கிவர முடியும். கடைக்காரர் பொய் சொல்ல வேண்டுவதில்லை. 'இந்த ஆண்டு மருந்தே தேவையில்லை' என்ற யோசனை மட்டும் அங்கே கிடைப்பது அரிது. நிதித்துறையிலும் நிலைமை இதுவே.

இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் பொதுச் சேமநல நிதித் திட்டத்திலும் பணம் சேர்த்துத் தரும் முகவர்களுக்கு முன்பு கமிஷன் வழங்கப்பட்டது. 2011 டிசம்பர் முதல் நாளன்று அது நிறுத்தப்பட்டது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் அரசின் பொறுப்புறுதி உண்டு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி வருகிறது. 2023 முதல் 30 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்யலாம். ஓய்வுபெற்றவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எளிதில் கிட்டாது. ஆயினும், தங்களைத் தேடி வீட்டுக்கு வருகிறவர் இதன் பெயரைத் தாமாக எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால், அவர் பேச்சை மேலும் செவிமடுக்கலாம்.

கமிஷன் பெறுவோர் அனைவரும் தீயவர் என்பது என் கருத்தன்று. ஆயுள் காப்பீட்டைச் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தவர்கள் முகவர்களே. குடும்பத் தலைவர் மறைந்த வீட்டில் உரிமைக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களும் அவர்களே. ஆனால் ஊதியம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, யோசனையும் அத்திசையில் சாயும். மனித இயல்பு இது. தனிமனிதர் நேர்மையால் மட்டும் இதனைச் சரிக்கட்டிவிட இயலாது. நிதித் திட்டங்களைத் தவறாக விற்பதைத் தடுக்க வழிகாணுமாறு அரசு அமைத்த சுமித் போஸ் குழு, முதலீட்டுத் திட்டங்களுக்குத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கமிஷன் தருவதை ஒழிக்க வேண்டும் என்று 2015-இல் பரிந்துரைத்தது இக்காரணம் பற்றியே.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, 2013-இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளை வகுத்தது. பதிவுபெற்ற ஆலோசகர், வாடிக்கையாளரின் நலனுக்குப் பொறுப்பேற்ற நம்பிக்கையாளராக நடந்துகொள்ள வேண்டும். தம் நலனும் வாடிக்கையாளர் நலனும் மோதும் இடங்களை மறைக்காமல் கூற வேண்டும். 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் வழங்கி, விற்பனைக் கமிஷனும் பெறுவதற்கு இடமில்லை. எழுத்து வடிவிலான ஒப்பந்தம் கட்டாயம். கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. பதிவு பெறாத விநியோகஸ்தர் தம்மைச் 'சுதந்திர நிதி ஆலோசகர்' என்று அழைத்துக்கொள்ளவும் தடை உண்டு. பதிவுபெற்ற ஆலோசகரின் எண் 'ஐ.என்.ஏ.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அந்த எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 'ஏ.ஆர்.என்.' என்று தொடங்குவது பரஸ்பர நிதி விநியோகஸ்தரின் எண். இரண்டும் ஒன்றல்ல.

"ஆலோசனைக்குத் தனியே கட்டணமா?" என்று பலர் தயங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பத்தாயிரம் ரூபாய் பெரிதாகத் தோன்றுகிறது. தெரியாமல் கழியும் தொகை தோன்றுவதில்லை. 2013 ஜனவரி முதல் பரஸ்பர நிதித் திட்டம் ஒவ்வொன்றிலும், விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத நேரடிப் பிரிவு ஒன்று இருந்து வருகிறது. இரு பிரிவுகளின் செலவுக்கும் ஆண்டுக்கு ஒரு சதவீதம் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய், ஆண்டுக்குப் 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 67 லட்சம் ஆகும். 9 சதவீதமாயின் 56 லட்சம். இடைப்பட்ட 11 லட்சம், போட்ட முதலைவிட அதிகம்! வகுப்பில் உள்ள மாணவ நண்பர்கள் கூட்டுவட்டி வாய்பாட்டைக் கொண்டு இதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கட்டணத்திலும் கவனம் வேண்டும். தம் ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஆலோசகர் வாங்குவதுண்டு. அவ்வாறு வாங்குபவருக்கு, 'முதலில் வீட்டுக் கடனை அடைத்துவிடுங்கள்' என்று சொல்ல மனம் வராமற் போகலாம். கடனை அடைத்தால் சொத்துக் குறையும், கட்டணமும் குறையும். ஓய்வுபெறுவோருக்கு நிலையான கட்டணமே உகந்தது என்பது என் எண்ணம்.

நல்ல ஆலோசகர் முதற்சந்திப்பில் எந்தத் திட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டார். கடன் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, மகள் திருமணம் எப்போது, வாழ்க்கைத் துணைக்குக் குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு கிட்டும், நியமனதாரர் பெயர் எல்லாக் கணக்கிலும் பதிவாகியிருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். 'உறுதியாக இத்தனை சதவீதம் கிடைக்கும்' என்று வாக்களிப்பவரை அப்போதே வழியனுப்பி விடலாம். காசோலையைத் தம் பெயருக்கு எழுதித் தரச் சொல்பவரையும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்களும் இங்கு இருக்கலாம். வைப்புத்தொகை என்று எண்ணி வாங்கியது, பத்து ஆண்டுகள் தவணை கட்ட வேண்டிய காப்பீட்டுப் பத்திரம் என்று அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. பத்திரம் கைக்கு வந்ததும் படித்துப் பாருங்கள். 2024 விதிகளின்படி, பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பித் தரலாம். சிறு கழிவுகள் போகப் பணம் திரும்பி வரும்.

கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. காப்பீட்டுக் கழகத்தின் முகவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உள்ள நாட்டில், பதிவுபெற்ற ஆலோசகர் தொகை சில ஆயிரங்களைக்கூட எட்டவில்லை. அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். தகுதி நிபந்தனைகளைச் செபி 2024 டிசம்பரில் தளர்த்தி, பகுதிநேர ஆலோசகர்களுக்கும் வழிவிட்டிருக்கிறது. இதன் பயன் மாவட்டத் தலைநகர்களுக்கு எப்போது வந்து சேரும் என்பதைப் பொறுத்திருந்துதான் காண வேண்டும். அதுவரை, சிற்றூரில் குடியேறும் எழுத்தருக்கு நான் கூறுவது இது: பணம் வந்து ஆறு மாதங்கள் வரை அஞ்சலகத் திட்டத்தையும் வங்கி வைப்புத்தொகையையும் தாண்டி எதிலும் கை வைக்காதீர்கள், அவசரப்படுத்துபவரிடம், 'இதை விற்றால் தங்களுக்கு எவ்வளவு வரும், எழுதித் தாருங்கள்' என்று கேளுங்கள்.