பழைய கோட்டும் ‘அப்பா’ என்ற வார்த்தையும்

இன்னைக்கு ஒரு பழைய கோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1600களின் தொடக்கம். இன்றைக்கு கனடா என்று சொல்கிற இடத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சு வியாபாரி நிற்கிறார். அவரிடம் இரண்டு விதமான பீவர் தோல் வரும். ஒன்று, வேட்டையாடி அப்படியே காயவைத்த புதுத் தோல். இன்னொன்று, அங்கே வாழ்கிற பூர்வகுடி மக்கள் இரண்டு மூன்று குளிர்காலம் உடம்பில் போட்டு, வேர்வையும் எண்ணெயும் ஊறிப்போன பழைய கோட்டு. எதுக்கு விலை அதிகம்னு நினைக்கிறீங்க? பழசுக்குத்தான்.

பீவர்னா நம்ம நீர்நாய் இல்லை. அது எலி, அணில் வகையறா. மரத்தைக் கடித்து வீழ்த்தி, ஓடையில் அணை கட்டுகிற பெரிய விலங்கு. அதன் தோலில் இரண்டு அடுக்கு முடி இருக்கும். மேலே நீளமான முரட்டு முடி, அதுக்கு அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி. ஐரோப்பாவில் அப்போது எல்லாருக்கும் தொப்பிப் பைத்தியம். நல்ல தொப்பிக்குத் தேவையான ஃபெல்ட், அந்த அடி முடியில்தான் செய்ய முடியும். மேல் முடியை நீக்குவதுதான் தலைவலி. பூர்வகுடி மக்கள் முடிப்பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி கோட்டைப் போடுவார்கள். உரசி உரசி மேல் முடி தானாகவே உதிர்ந்துவிடும். அதாவது, ஒரு தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலையை ஒருத்தர் சும்மா போட்டுக்கிட்டு நடந்தே முடித்துவிடுகிறார். அதுக்கப்புறம் அந்தப் பழைய துணியைக் கொடுத்து, செம்புப் பானையும் கோடாலியும் வாங்கிக்கொள்கிறார்.

யார் யாரை ஏமாத்தினாங்க? 1633-34 குளிர்காலத்தை இன்னு மக்களோடு கழித்த லெ ஜூன் என்ற பாதிரியார், தன்னை வைத்திருந்தவர் சொன்ன ஒரு கிண்டலைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பீவர் தோலுக்கு இருபது கத்தி தருகிற இந்த ஆங்கிலேயர்களுக்கு மூளையே இல்லை என்பதுதான் அந்தக் கிண்டலின் சாரம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதையில், கண்ணாடி மணியைக் காட்டி ஏமாற்றப்பட்ட அப்பாவிகள்தானே வருவார்கள்? அந்த அப்பாவிகள் இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எபிசோடை நான் பண்ணக் காரணம், அடிக்கடி காதில் விழுகிற ஒரு வாதம். ‘பிரிட்டிஷ்காரங்க அமெரிக்காவுல நிலத்தைப் பிடுங்கினாங்க, பிரெஞ்சுக்காரங்க அங்க உள்ள மக்களோட நட்பா, கல்யாணம் பண்ணிக்கிட்டு வாழ்ந்தாங்க. அதனால பிரெஞ்சுக்காரங்க நல்ல காலனிக்காரங்க.’ இதில் பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதி எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும்.

1608இல் ஷாம்ப்ளான் கியூபெக்கில் ஒரு குடியிருப்பு கட்டினார். முதல் குளிர்காலத்தில் அங்கே தங்கினது 28 பேர். வசந்தம் வரும்போது உயிரோடு இருந்தது 8 பேர். இவர்களுக்கு அந்த ஊர்ப் பனியில் நடக்கத் தெரியாது, நதியில் போகத் தெரியாது, என்ன சாப்பிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றுகூடத் தெரியாது. பனிக்காலணி, பிர்ச் மரப்பட்டையில் செய்த படகு, வழி காட்டுகிறவர், மொழிபெயர்க்கிறவர், கடைசியில் பீவர் தோல், எல்லாமே அடுத்தவர் கையில். நாங்க சாஃப்ட்வேர்ல டிபென்டன்சின்னு சொல்லுவோம். அது இல்லைன்னா உங்க புரோகிராம் ஓடவே ஓடாது. நியூ பிரான்ஸ் என்ற மொத்தக் காலனியும் அப்படித்தான் இருந்தது. 1666இல் கணக்கெடுத்தபோது அங்கே இருந்த பிரெஞ்சு மக்கள் தொகை 3,215. ஒரு சின்ன டவுனுக்குக்கூடப் பத்தாது.

டிபென்டன்சிக்கு ஒரு விலை உண்டு. இன்னு, அல்கோங்கின், வெண்டாட் மக்களோடு வியாபாரம் செய்யணும்னா, அவங்க சண்டையிலும் கூட நிக்கணும். 1609இல் ஷாம்ப்ளான் துப்பாக்கியோடு அவர்கள் பக்கம் நின்று மோஹாக் மக்களைச் சுட்டார். மோஹாக் மக்கள் ஹோடினோஷோனி என்ற ஐந்து இனங்களின் கூட்டமைப்பில் ஒருவர். அந்தப் பகை கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடியது.

இதில் மிக அதிகமாக இழந்தது வெண்டாட் மக்கள். ஹுரான் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். இன்றைய டொரன்டோவுக்கு வடக்கே, சோளம் விளைவித்து, பெரிய ஊர்களில் நீள வீடுகளில் வாழ்ந்தவர்கள். வடக்கே இருந்த வேட்டைக்காரர்களுக்குச் சோளம் கொடுத்துத் தோல் வாங்கி, அதைப் படகில் பிரெஞ்சுக்காரர்களிடம் கொண்டுவந்தார்கள். அதே படகுப் பாதையில் நோயும் வந்தது. 1634க்கும் 1640க்கும் இடையில் அம்மை உள்ளிட்ட நோய்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். பாதின்னு சொல்லிட்டு ஈசியா கடந்துடறோம். ஒரு சமூகத்தில் வயசானவங்க, சின்னப் பிள்ளைங்கதான் முதலில் போவாங்க. கதை தெரிஞ்சவங்களும் போயிட்டாங்க, கதை கேட்க வேண்டியவங்களும் போயிட்டாங்க.

அதோட முடியலை. ஹோடினோஷோனிக்கு டச்சு வியாபாரிகளிடமிருந்து துப்பாக்கி கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களோ, ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் துப்பாக்கி விற்பது என்று கொள்கை வைத்திருந்தார்கள். உயிர் பிழைக்கணும்னா மதம் மாறு. ஊருக்குள்ளேயே மாறினவங்க, மாறாதவங்கன்னு பிளவு. 1649இல் ஹோடினோஷோனி தாக்குதலில் வெண்டாட் நாடு சிதறியது. ஒரு பகுதியினர் கியூபெக் பக்கம் வந்தார்கள். அவர்கள் வாரிசுகள் இன்றும் அங்கே வெண்டாக் என்ற ஊரில் வாழ்கிறார்கள். இன்னொரு பகுதி மேற்கே பெரிய ஏரிகள் பக்கம் போனது. நட்புன்னு சொல்றோமே, அதோட முதல் நாற்பது வருஷக் கணக்கு இது.

சரி, அப்ப நட்புங்கிறதே பொய்யா? இல்லை. அதைப் புரிஞ்சுக்க ஒரு வார்த்தை போதும்.

பிரெஞ்சு கவர்னரைப் பூர்வகுடி மக்கள் ‘ஒனோன்டியோ’ என்று கூப்பிட்டார்கள். மோன்மானி என்ற கவர்னரின் பெயருக்கு ‘பெரிய மலை’ என்று அர்த்தம் எடுத்து, அதைத் தங்கள் மொழியில் சொன்னார்கள். அப்புறம் வந்த கவர்னர் எல்லாருக்கும் அதே பெயர்தான். பிற்பாடு ஒனோன்டியோவை ‘அப்பா’ என்றும் அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொம்ப சந்தோஷம். அவங்க ஊரில் அப்பான்னா கட்டளை போடுகிறவர், பிள்ளை கீழ்ப்படியணும்.

ஆனால் வெண்டாட் மக்களிடம் குடும்பம் அம்மா வழியில் போகும். பிள்ளையின் மேல் அதிகாரம் இருக்கிறது தாய்மாமனுக்கு. நமக்கு இது புரியறதுக்கு விளக்கமே தேவையில்லை, இல்லையா? அப்பா என்பவர் அன்பாகக் கொடுக்கிறவர், சண்டையில் சமாதானம் பண்ணுகிறவர். ஒடாவா, ஒஜிப்வே மாதிரி அப்பா வழியில் போகிற மக்களிடமும் அப்பா அதட்டி வேலை வாங்குகிற ஆள் கிடையாது. ஆக ‘அப்பா’ன்னு கூப்பிட்டதும், ஒரு பக்கம் ‘இவங்க நமக்குப் பணிஞ்சுட்டாங்க’ன்னு நினைக்குது, இன்னொரு பக்கம் ‘இவர் இனிமே வருஷா வருஷம் கொடுக்கணும்’னு நினைக்குது.

ஜெயித்தது யாருடைய அர்த்தம்? பெரும்பாலும் இரண்டாவது. 1690களில் பிரான்ஸில் பீவர் தோல் குடோன்களில் தேங்கிப்போச்சு. வாங்க ஆளில்லை. 1696இல் பதினான்காம் லூயி மேற்கத்திய வணிக நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடச் சொன்னார். கணக்குப் புத்தகத்தின்படி சரியான முடிவு. ஆனால் நிலையம் மூடினால் வெடிமருந்து, துணி, பானை போகாது. கூட்டாளிகள் ஆங்கிலேயரிடம் போய்விடுவார்கள். அதனால் நஷ்டமானாலும் பரவாயில்லை என்று வியாபாரம் தொடர்ந்தது. தோலுக்காக ஆரம்பித்த உறவு, கடைசியில் உறவுக்காகத் தோல் வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டது.

1701இல் மான்ட்ரியலில் சுமார் 1,300 பூர்வகுடிப் பிரதிநிதிகள் கூடினார்கள். ஏறக்குறைய நாற்பது இனங்கள். ஊரில் நோய் பரவிக்கொண்டிருந்தது, தெரிந்தே வந்தார்கள். பேச்சுவார்த்தையை நகர்த்தியவர் கொண்டியரோங்க், மேற்கே சிதறிப்போன வெண்டாட் மக்களின் தலைவர். நிற்க முடியாத காய்ச்சலோடு சபையில் பேசினார், மறுநாள் இறந்துபோனார். இரண்டு நாள் கழித்து ஒப்பந்தத்தில் விலங்குப் படங்களை வரைந்து கையெழுத்திட்டார்கள். நூறு வருஷப் பகை நின்றது.

இந்த இடத்தில் நிறுத்தினால் அழகான கதை. ஆனால் 1709இல் நியூ பிரான்ஸில் பூர்வகுடி மக்களை அடிமையாக வைத்திருப்பது சட்டபூர்வமானது. மேற்கே போரில் பிடிபட்டவர்களைக் கூட்டாளிகளே பரிசாகவும் விலைக்கும் கொடுத்தார்கள். ‘பானி’ என்று பெயர். வரலாற்றாசிரியர் மார்செல் த்ரூதெல் ஆவணங்களைத் தேடி எண்ணியதில் சுமார் 4,200 அடிமைகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பூர்வகுடி மக்கள். கொடுக்கல் வாங்கல் என்ற அதே உறவுக்குள், கொடுக்கப்படுகிற பொருளாக மனுஷங்களும் இருந்தாங்க.

கல்யாணத்தையும் சொல்லணும். வியாபாரிகள் அங்கே உள்ள பெண்களை அந்த ஊர் வழக்கப்படி மணந்தார்கள். காதலும் இருந்திருக்கும். ஆனால் ஒரு பெண்ணைக் கட்டினால் அவள் சொந்தக்காரர்கள் எல்லாரும் உன் சொந்தம், அவங்க தோல் உன் கடைக்கு வரும். படகுக்குப் பட்டை தைப்பது, பனிக்காலணி பின்னுவது, மொழிபெயர்ப்பது, எல்லாம் அந்தப் பெண்கள்தான். இந்தக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள்தான் பின்னாளில் மேட்டி என்ற தனி மக்கள். அவங்க மிச்சிஃப் மொழியில் பெயர்ச்சொல் பெரும்பாலும் பிரெஞ்சு, வினைச்சொல் க்ரீ. ‘கால் பண்ணு’, ‘ஷேர் பண்ணு’ன்னு பேசுற நாம இதைப் பார்த்து ஆச்சரியப்படக் கூடாது.

1760இல் மான்ட்ரியல் பிரிட்டிஷ் கைக்குப் போனது. 1763 பிப்ரவரியில் பாரிஸ் ஒப்பந்தம். அதே காகிதத்தில்தான் பிரான்ஸ் கனடாவைக் கொடுத்தது, பாண்டிச்சேரியைத் திரும்ப வாங்கியது. பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்டுக்குப் பரிசு கொடுப்பது லஞ்சம் மாதிரி தெரிந்தது. நிறுத்தினார். வெடிமருந்தையும் குறைத்தார், அது இல்லாமல் வேட்டையே கிடையாது.

1761இல் மிஷிலிமாக்கினாக் கோட்டைக்கு அலெக்சாண்டர் ஹென்றி என்ற ஆங்கிலேய வியாபாரி வந்தார், பிரெஞ்சுப் படகுக்காரன் வேஷத்தில். அவரிடம் ஒஜிப்வே தலைவர் மினவவானா சொன்னதை ஹென்றியே பின்னாளில் எழுதியிருக்கிறார். நீங்கள் பிரெஞ்சுக்காரரை ஜெயித்தீர்கள், எங்களை ஜெயிக்கவில்லை. இந்த ஏரியும் காடும் எங்கள் முன்னோர் விட்டுப்போனவை. உங்கள் ராஜா எங்களுக்கு இன்னும் ஒரு பரிசும் அனுப்பவில்லை, அதனால் நமக்குள் போர் இன்னும் முடியவில்லை. இதுதான் அவர் பேச்சின் சாரம்.

1763 ஜூனில் அந்தக் கோட்டைக்கு வெளியே பந்து விளையாட்டு. பந்து வேலிக்குள் விழுந்தது, எடுக்கிற சாக்கில் உள்ளே ஓடினார்கள், போர்வைக்குள் ஆயுதம் வைத்திருந்த பெண்கள் அதை எடுத்துக் கொடுத்தார்கள். கோட்டை விழுந்தது. ஹென்றி பக்கத்து வீட்டுக்கு ஓடினார். வீட்டுக்காரர் லாங்லாட், அப்பா பிரெஞ்சு, அம்மா ஒடாவா. அவர் கையை விரித்துவிட்டார். சைகை காட்டிக் கூப்பிட்டு மாடியில் ஒளித்து வைத்தது அந்த வீட்டில் இருந்த ஒரு பானி அடிமைப் பெண். அவர் பெயரை ஹென்றி எழுதவில்லை.

ஒளிந்தும் ஹென்றி பிடிபட்டார். அப்போது வாவாடம் என்ற ஒஜிப்வேக்காரர் வந்தார். கொஞ்ச காலம் முன்பு தோல், மேப்பிள் சர்க்கரை, உலர்ந்த இறைச்சி எல்லாம் கொண்டுவந்து கொடுத்து, ஹென்றியைத் தம்பியாகச் சேர்த்துக்கொண்டவர். தலைவரின் குடிலுக்குப் பொருட்களைச் சுமந்துவந்து நடுவில் குவித்தார். இது என் தம்பி, இவனுக்கு ஈடு இது, என்றார். தலைவர் பொருளை ஏற்றுக்கொண்டார். வாவாடம் ஹென்றியின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.