வீட்டிலே தமிழிலக்கணம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கணத்தைப் பற்றிப் பேசப் புலவர்களுக்கே உரிமை உண்டு என்று சிலர் கருதக்கூடும். நான் புலவனல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தா. ஆயினும், இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலே தமிழ் கற்பித்து வரும் தகப்பன். அந்த ஒரு தகுதியைக் கொண்டே தங்கள் முன் நிற்கிறேன்.

நம் குடியிருப்பின் நிலை தங்களுக்குத் தெரிந்ததே. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கற்கிறார்கள். தமிழுக்கு அங்கே இடமில்லை. விளையாட்டு மைதானத்திலும் இந்தியே. ஆகவே, நம் வீடுதான் அவர்களுக்குத் தமிழ்ப் பள்ளி. தாயும் தந்தையுமே ஆசிரியர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வரையில் எல்லோரும் எப்படியோ கற்பித்துவிடுகிறோம். அதற்குமேல் இலக்கணம் என்று வரும்போதுதான் திகைப்பு உண்டாகிறது. எந்த நூலை வாங்குவது? எவ்வளவு செலவழிப்பது? கைபேசி வழியாக மாதக் கட்டணத்திற்கு நடத்தும் வகுப்புகளில் சேர்க்கலாமா? இவையே தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினாக்கள்.

நண்பர் ஒருவர், தம் சம்பளத்தில் கணிசமான ஒரு பகுதியைச் செலுத்தி, பதினொரு வயது மகனை அத்தகைய வகுப்பு ஒன்றில் சேர்த்தார். ஆறு மாதம் கழிந்தது. ஆகுபெயர் எத்தனை வகைப்படும் என்று கேட்டால் பையன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஆனால் ஊரிலிருக்கும் பாட்டிக்கு நான்கு வரி எழுது என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். குறை பையனுடையதன்று. அந்தப் பாடம் தமிழ்நாட்டிலே தமிழ் பேசி வளரும் பிள்ளைக்காக அமைக்கப்பட்டது. நம் பிள்ளை எங்கே இடறுகிறான் என்பதை அது கேட்கவே இல்லை.

ஆகவே, நூலானாலும் வகுப்பானாலும், விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, இந்தி நாட்டில் வளரும் நம் பிள்ளை செய்யும் பிழைகளுக்கு அது விடை கூறுகிறதா? இரண்டாவது, பிள்ளையைச் சொந்தமாக வாக்கியம் எழுதச் செய்கிறதா, அல்லது வரையறைகளை மனப்பாடம் மட்டும் செய்விக்கிறதா? மூன்றாவது, என்னைப் போன்ற சாதாரணப் படிப்புள்ள பெற்றோர், துணையின்றி அதைக் கையாள முடியுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பிறகு விலையைக் கேட்கலாம்.

நம் பிள்ளைகள் இடறும் இடங்கள் எவை? நான் கவனித்தவற்றுள் நான்கினைக் கூறுகிறேன்.

முதலில் எழுத்து. இந்தியில் கவர்க்கத்தின் நான்கு ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே ககரம். இதை எப்படி ஒலிப்பது என்று பிள்ளை கேட்கிறான். “பழக்கத்தில் வரும்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உண்மையில் இதற்கு ஒழுங்கு உண்டு. சொல்லின் முதலிலும், இரட்டிக்கும் இடத்திலும் அது வல்லோசை: கடல், பக்கம். தன் இன மெல்லெழுத்தை அடுத்து வரும்போது ஓசை மாறுகிறது: தங்கம். இரண்டு உயிர்களுக்கு இடையே இன்னும் மென்மையாகிறது: பகல். பிறமொழிச் சொற்களை நீக்கிவிட்டால் இந்த ஒழுங்கு பெரும்பாலும் பொருந்தும். வல்லினம், மெல்லினம், இன எழுத்து என்பவை வெறும் பெயர்களல்ல, படிப்பதற்குத் திறவுகோல் என்பதைப் பிள்ளை அப்போது உணர்கிறான்.

இரண்டாவது, திணையும் பாலும். இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண், பெண் என்ற பாகுபாடு உண்டு. நம் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி என்பதைக் குறிக்கும் ‘காடி’ பெண்பால்; அதன் ‘டிப்பா’ ஆண்பால்; இழுத்துச் செல்லும் ‘இஞ்ச’னும் ஆண்பால்! தமிழிலே வண்டியும் வந்தது, பெட்டியும் வந்தது, எஞ்சினும் வந்தது. கார்டு மட்டும் வந்தார். மக்களை உயர்திணை என்றும், மற்றவற்றை அஃறிணை என்றும் பொருளை நோக்கிப் பிரித்த முறை இது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளை, “மாமா வந்தது” என்று எழுதமாட்டான்.

மூன்றாவது, ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றே. பக்கத்து வீட்டுத் தமிழ் மாமியிடம், “ஞாயிற்றுக்கிழமை நாம் நாகபுரி போகிறோம்” என்று நம் பெண் சொன்னால், அந்த அம்மாளும் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம் அல்லவா? கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. விருந்தினரை உள்ளே அழைப்பதா, வாயிலில் நிறுத்துவதா என்பது போன்ற நுட்பம் இது.

நான்காவது, வல்லொற்று மிகுதல். பெரியவர்களும் அஞ்சும் இடம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று விதிகள் போதும். ‘ஐ’ உருபின் பின் மிகும்: பாலைக் குடித்தான். ‘கு’ உருபின் பின் மிகும்: கடைக்குப் போனான். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் மிகும்: அந்தப் பையன். இதனால் என்ன பயன் என்று கேட்டால், “வேலை கொடுத்தான்” என்பதையும் “வேலைக் கொடுத்தான்” என்பதையும் எழுதிக் காட்டுங்கள். முன்னதில் உத்தியோகம் கிடைக்கிறது. பின்னதில் ஈட்டி கிடைக்கிறது. ஓர் ஒற்றின் பெருமையைப் பிள்ளை பிறகு மறக்கமாட்டான்.

இந்தி தடையாக மட்டும் நிற்பதில்லை, துணையும் செய்கிறது. “எனக்குப் பசிக்கிறது” என்னும் இடத்தில் ‘நான்’ என்று வராமல் ‘எனக்கு’ என்று ஏன் வருகிறது என ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளை விழிப்பான். நம் பிள்ளையோ, “முஜே பூக் லகீ ஹை” என்று நாள்தோறும் சொல்பவன். அதைக் காட்டி நான்காம் வேற்றுமையை ஒரே நாளில் விளக்கிவிடலாம்.

இனி நூல்களைப் பற்றிக் கூறுகிறேன். பிள்ளையின் கையில் கொடுக்கத் தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களே போதும். அவற்றை இணையத்திலிருந்து விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஆறாம் வகுப்புத் தமிழ் நூலில் இயல்தோறும் ‘கற்கண்டு’ என்ற தலைப்பில் இலக்கணம் சிறு சிறு பகுதிகளாக அமைந்திருக்கிறது. இன எழுத்தும், நம் பிள்ளைகளை வாட்டும் லகர, ளகர, ழகர வேறுபாடுகளும் அதில் உண்டு. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் அரசு நிறுவனத்தின் பாடங்களும் மின்னூலகமும் நமக்குத் துணை.

பெற்றோரின் கையில் இருக்க வேண்டியது, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இயற்றிய ‘இலக்கணச் சுருக்கம்’. நன்னூலின் கருத்துகளை உரைநடையில் எழுத்து, சொல், தொடர்மொழி என்று வகுத்துத் தந்த நூல். நாவலர் 1879-இல் மறைந்தார். அவர் நூலுக்கு இன்று பதிப்புரிமைத் தடை இல்லை. பிள்ளை கேட்கும் ஐயத்திற்கு நாம் அதைப் பார்த்து விடை கூறலாம். அதையே பிள்ளையிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால், தமிழின் மேல் அவனுக்குக் கசப்பே மிஞ்சும். நன்னூல் சூத்திரங்கள் அதன் பிறகு, ஆர்வம் உள்ளவர்க்கு.

கட்டண வகுப்பே கூடாது என்று நான் கூறவில்லை. இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறி வரும் வீடுகளில் அது உதவலாம். ஆனால் முன்சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டு, ஒரு பாடத்தை நேரிற் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கற்பிக்கும் முறையும் எளிது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம். ஒரு நாள் ஒரே விதி. அந்த விதி வரும்படி ஐந்து வாக்கியங்கள், பிள்ளையின் சொந்த வாழ்விலிருந்து. வார இறுதியில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒரு கடிதம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் தபால் தலையுமே.

ஒன்றை மட்டும் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஆசையோடு தமிழில் ஏதேனும் சொல்ல வரும்போது, இடைமறித்துத் திருத்தாதீர்கள். பிறர் முன்னிலையில் சிரிக்காதீர்கள். இரண்டு முறை சிரித்தால் மூன்றாம் முறை அவன் இந்தியிலேயே பதில் சொல்வான். பிறகு ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டிக்கு, “நல்லா இருக்கேன்” என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேரனிடமிருந்து எதுவும் கிடைக்காது. அந்த இழப்பை எந்த இலக்கண நூலாலும் ஈடுசெய்ய முடியாது. பிழையை மனத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் பாட நேரத்தில் அந்த விதியையே கற்பியுங்கள்.

இறுதியாக, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வீடும் தனித்தனியே நூல் வாங்க வேண்டுவதில்லை. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களையும், இலக்கணச் சுருக்கத்தின் இரண்டு பிரதிகளையும் சங்கத்தின் அலமாரியில் வைப்போம். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தாம் எழுதிய கடிதங்களை இங்கே வாசிக்கட்டும். பணி இல்லாத ஞாயிறுகளில் நான் வந்து உதவச் சித்தமாயிருக்கிறேன். என்னைவிட நன்கு தமிழ் கற்ற தாய்மார்கள் இந்தச் சபையிலே பலர் இருக்கிறார்கள். அவர்களும் முன்வர வேண்டும்.

மாற்றல் உத்தரவு எங்கே கொண்டுபோய் விட்டாலும், நம் பிள்ளைகள் தமிழைத் தங்களோடு எடுத்துச் செல்லட்டும்.