மரணசாதன வழக்கும் செலவும்



வழக்கில் வென்றவருக்குச் செலவெல்லாம் திரும்பிவிடும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே வேரூன்றியிருக்கின்றது. எங்கள் ஆலையடிவேம்பைப் போன்ற வயற்கிராமங்களில், தந்தை எழுதிவைத்த மரணசாதனம் செல்லுமா, செல்லாதா என்று உடன்பிறந்தோர் நீதிமன்றம் ஏறும்போது, அவர்களுக்குத் துணிவூட்டுவதும் இந்நம்பிக்கையே. அது எவ்வளவு தூரம் உண்மை?

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையே இதற்கு விடை தருகின்றது. முத்திரைச் செலவு, அழைப்பாணைச் செலவு, சாட்சிகளின் செலவு, சட்டத்தரணியின் கட்டணம் முதலியன வழக்குச் செலவில் அடங்கும். தோற்றவர் அதனைக் கொடுப்பதே பொதுவழக்கு. ஆயினும் யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது நீதிபதியின் தற்றுணிபைச் சார்ந்தது. வென்றவர் கைவிட்டுச் செலவழித்த பணம் முழுவதும் திரும்பக் கிடைப்பது அரிது. வேளாண்மைக் காலத்தில் நீதிமன்ற வாசலிற் காத்திருந்த நாட்களுக்கோ எவரும் விலை கொடுப்பதில்லை.

மரணசாதன வழக்குகளுக்கு மற்றுமொரு தன்மை உண்டு. 1907இல் இங்கிலாந்தின் நீதிமன்றமொன்று இரண்டு விதிவிலக்குகளைத் தெளிவாக்கியது. சாதனத்தை எழுதியவரின் செயலே பிணக்குக்குக் காரணமாயின், செலவை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே கொடுக்கலாம். ஐயுறுவதற்கு நியாயமான காரணம் இருந்தாற் தோற்றவரிடம் செலவு அறவிடாது, அவரவர் செலவை அவரவரே ஏற்குமாறு விடலாம்.

'சொத்திலிருந்து' என்றதும் சிலர் ஆறுதலடைவர். ஆனால் அச்சொத்து யாருடையது? நான்கு பிள்ளைகளுக்கு நான்கு ஏக்கர் வயல் இருக்கின்றது என வைத்துக்கொள்வோம். செலவுக்காக ஓர் ஏக்கரை விற்றால், ஆளுக்கு முக்கால் ஏக்கரே மிஞ்சும். நீதிமன்றப் படியே ஏறாத தங்கையின் பங்கும் குறைந்துபோகும்.

ஆதலால் வருமுன் காப்பதே அறிவுடைமை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாதனம் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகளுடனோ ஒப்பமிடப்படல் வேண்டும். பெரியோர் தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே இதனைச் செய்துவிடல் நன்று. பிணக்கு எழுந்துவிட்டாலோ, வழக்கு முடியும்போது மிஞ்சுவது எவ்வளவு என்று சட்டத்தரணியிடம் முதல் நாளிலேயே கேளுங்கள். இணக்கத்துக்கு வருவீர்களாயின், செலவு யாருடையது என்பதையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

தந்தையார் வயலை விட்டுச்சென்றது பிள்ளைகள் உண்பதற்கேயன்றி, வழக்கு உண்பதற்கன்று.