எலுமிச்சைச் சாறும் ஒரு ஜோடி முத்துத் தோடும்

போன வாரம் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பாட்டியோட முத்துத் தோடு கொஞ்சம் மஞ்சளாத் தெரிஞ்சது. எலுமிச்சைச் சாறுல ஊறப்போட்டுட்டு, போன் பார்த்துக்கிட்டே மறந்துட்டேன். எடுத்துப் பார்த்தா, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி மங்கிக் கிடக்கு.

சுண்ணாம்புன்னு சும்மா சொல்லல. முத்துல பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். முட்டை ஓடும் அதேதான். புளிப்பு பட்டா கரையும். ஆனா முத்துல அது ரொம்ப மெல்லிய தகடுகளா, நடுவுல புரதப் பசையோட, அடுக்கடுக்கா இருக்கு. செங்கல்லும் சாந்தும் மாதிரி. அந்த அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்புறதுதான் மினுமினுப்பு. நான் கரைச்சது அதைத்தான்.

இந்த அடுக்கு எப்படி வருது? சுவாதி நட்சத்திரத்துல பெய்யுற மழைத்துளி சிப்பிக்குள்ள விழுந்தா முத்தாகும்னு பாட்டி சொல்வாங்க. ஸ்கூல்ல மணல் துகள்னு சொன்னாங்க. பெரும்பாலும் அதுவும் இல்லையாம். கடலடியில மணலோடயே வாழுற உயிருக்கு, அதை வெளியே தள்ளத் தெரியாதா என்ன?

சிப்பி ஓட்டோட உள்பக்கத்துல மெருகு பூசுறது, உடம்பைப் போர்த்தியிருக்கிற ஒரு மெல்லிய சதை. ஒட்டுண்ணியாலயோ காயத்தாலயோ அந்தச் சதையில கொஞ்சம் செல்கள் உடம்புக்குள்ள போய்ச் சிக்கினா, அங்கேயே பெருகி ஒரு குட்டிப் பை ஆகிடும். இடம் மாறினாலும் அதுங்க பழைய வேலையை விடுறதில்லை. பைக்குள்ள பூசிக்கிட்டே இருக்கும். அதுதான் முத்து.

இதையே மனுஷன் கையால செய்யுறதுதான் வளர்ப்பு முத்து. இன்னொரு சிப்பியோட சதைத் துண்டையும், ஓட்டுல கடைஞ்ச ஒரு மணியையும் உள்ள வைப்பாங்க. தூத்துக்குடியில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973ல இதைச் செஞ்சு காட்டுச்சு.

அதுக்கு முன்னாடி அந்தக் கடல்ல முத்துக் குளிப்புதான். சலாபம்னு சொல்வாங்க. மூச்சைப் பிடிச்சு முங்கி, குவியல் குவியலா சிப்பி எடுப்பாங்க. பெரும்பாலான சிப்பியில ஒண்ணும் இருக்காது. தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபம் நடந்தது 1961ல.

பாட்டி கல்யாணம் 1956. தோடு அப்போ வாங்கினது. யாரோ ஒருத்தர் முங்கி எடுத்ததாவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தா உள்ள மணி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். எடுக்க இன்னும் தைரியம் வரல.

முத்தைத் துடைக்க ஈரத்துணி போதும். அம்மா, நீங்க இதைக் கேட்டா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போன் பண்ணுங்க.