தேனீயும் நம்ம கூலியாள்தான்!

(விவசாயிகள் சங்கக் கிராமக் கூட்டத்தில் தேனீ வளர்க்கும் விவசாயி ஒருவர் பேசியது)



நான் மேடையேறிப் பேசிப் பழகினவன் இல்லை. குமரி மாவட்டத்துக்காரன். நாப்பது சென்ட் நிலமும் இருபது தேன் பெட்டியும்தான் என் சொத்து.

தேனீ வளர்த்தால் தேன் கிடைக்கும், அது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய லாபம் தோட்டத்தில் இருக்கு. பூசணிக்கும் பாகலுக்கும் ஆண் பூ வேற, பெண் பூ வேற. இந்தப் பூவின் மகரந்தத்தை அந்தப் பூவில் சேர்ப்பது யார்? கூலி கேட்காத தேனீதான். தேனீ வராத கொடியில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், பிடிச்ச காயும் கோணலாகும். நாமோ உரம் பத்தலைன்னு கடைக்கு ஓடுறோம்! சூரியகாந்தி, கொத்தமல்லி, முருங்கைக்கும் இதே கதைதான்.

எங்க பக்கம் தை முதல் பங்குனி வரை ரப்பர் தேன். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் இல்லை, தளிர் இலைக் காம்பில். நம்ம நாட்டுத் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டியை 1910-களில் உருவாக்கியவர் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார். 1991, 92-ல் வைரஸ் நோய் வந்து புழுவெல்லாம் அடையிலேயே செத்துச்சு. பெட்டி பெட்டியாய் காலி. பிழைச்ச கூட்டத்தைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் மறுபடி எழுந்தோம்.

நோயிலிருந்து எழுந்தோம். விஷத்திலிருந்து எழ முடியலையே! பக்கத்து வயலில் காலையில், பூ விரிஞ்ச நேரம் மருந்து அடிச்சாங்க. சாயங்காலம் என் பெட்டி வாசலில் தேனீ குவியலாய் செத்துக் கிடந்துச்சு. நாலு கூட்டம் போச்சு. அடிச்சவரும் என்னைப் போல ஏழை விவசாயிதான். அவரை என்ன குத்தம் சொல்ல? கடையில் கொடுத்ததை அடிச்சார். தேனீயைப் பற்றி ஒருத்தரும் அவருக்குச் சொல்லலை.

இமிடாகுளோபிரிட் உட்பட மூணு மருந்துகளைத் திறந்த வயலில் அடிக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2018-லேயே தடை போட்டது. காரணம் தேனீதான். அங்கே தேனீக்கு ஆகாதது இங்கே மட்டும் ஆகுமா?

விலையிலும் அடி. கடைத் தேனில் சர்க்கரைப் பாகு கலப்பதை 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. பாகு தேன் பேரில் விற்றால், நம்ம அசல் தேனை யார் நல்ல விலைக்கு வாங்குவான்?

நாமும் செய்ய வேண்டியது இருக்கு. பூத்த பயிரில் மருந்து வேண்டாம். அடிச்சே தீரணும்னா பொழுது சாய்ந்தபின், பக்கத்துப் பெட்டிக்காரரிடம் சொல்லிட்டு அடிங்க. பெட்டிக் கால்களைத் தண்ணிக் கிண்ணத்தில் வையுங்க, எறும்பு ஏறாது. மேல்தட்டுத் தேனை மட்டும் எடுங்க. கீழ்த்தட்டு, குஞ்சு வளரும் இடம். அங்கே உள்ள தேன் அதுகளோட சாப்பாடு.

அரசே!

* தேனீயைக் கொல்லும் மருந்துகளைத் தடை செய்!
* மருந்தால் அழிந்த பெட்டிக்கு நட்டஈடு கொடு!
* கலப்படத் தேனைத் தடுத்து, அசல் தேனுக்கு ஆதார விலை கொடு!
* சிறு விவசாயிக்குப் பெட்டியும் பயிற்சியும் கொடு!

தோழர்களே, ஒரு தேனீ கொட்டினால் தட்டி விட்டுடலாம். கூட்டமாய் வந்தால் யானையும் ஓடும். நாமும் கூட்டமாய்த் திரள்வோம்!