ஆட்டுக் கிடையும் வயலும்



ராஜஸ்தானில் ராய்க்கா என்ற மக்கள் இருக்கிறார்கள். ஆடும் ஒட்டகமும் வளர்ப்பது அவர்கள் தொழில். மழைக்காலம் முடிந்ததும் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அரியானா, மத்தியப் பிரதேசம் வரை நடந்தே போவார்கள். பல குடும்பத்து மந்தைகள் சேர்ந்து போகும். தலைவரை நம்பர்தார் என்பார்கள்.

அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நல்ல உரம். அதற்கு வயல்காரர் தானியமோ பணமோ கொடுப்பார். இருவருக்கும் லாபம்.

பிறகு சண்டை ஏன்? கிணற்றுப் பாசனமும் வாய்க்காலும் வந்த இடங்களில் இரண்டாம் போகம் நிற்கிறது. தரிசு குறைந்துவிட்டது. ஆடு பயிரில் வாய் வைத்தால் தடி எடுக்கிறார்கள். பயிர் போனவருக்கும் வயிறு உண்டே! அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

எந்த வயல், எத்தனை இரவு, என்ன கூலி, பயிர் அழிந்தால் என்ன ஈடு? இதை நம்பர்தார் முன்பே பேசி முடிக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

காட்டு மேய்ச்சலுக்கும் வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் வந்து போகும் மேய்ப்பவர்களின் உரிமையையும் சொல்கிறது. மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். சபை கூடும் நாளில் மேய்ப்பவர் எங்கோ தொலைவில் இருப்பார். அன்று ஊரில் இருக்கும் பெண்களும் முதியவர்களும் மனுவோடு போக வேண்டும்.